நீர் என்றொரு சொல்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும், தப்பாக எழுதினாலும் என்னால் சும்மா இருக்க முடியாது. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைப் பலகையில் 'சூடான வடை கிடக்கும்' என்று எழுதியிருந்தார்கள். பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் இறங்கிப் போய், அது 'கிடைக்கும்' என்று சொல்லிவிட்டு வருவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் மறைக்கல்வி டீச்சர். திருத்துவது எனக்கு ஆறு நாள் தொழில், ஏழாம் நாள் பக்தி.

அதனால்தான், மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "டீச்சர், மே மாசம் புதுநன்மைக்கு ஒருத்தவங்களத் தனியா தயாரிக்கணும். பெரியவங்க. பொறுமையா சொல்லித் தரணும். செய்றீங்களா?" என்று கேட்டார். புதுநன்மை என்றால், பூசையில் குருவானவர் கொடுக்கும் அப்பமான நற்கருணையை முதன்முதலாக வாங்குவது. எங்கள் பக்கம் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போய் வாங்குவார்கள். வளர்ந்த ஒருவரைத் தயாரிக்கும் வாய்ப்பு எனக்கு அதுவரை வந்ததில்லை. 'பொறுமையா' என்ற சொல்லைக் காதில் வாங்காமலேயே சரி என்றுவிட்டேன்.

யாரென்று கேட்டபோது அவர் சொன்ன ஆளின் முகம் எனக்குத் தெரியும். இடப் பக்கம் மூன்றாவது பெஞ்சு, ஓர இருக்கை. நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது அந்த அக்கா மட்டும் முழங்காலை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போகிறவர்கள் அவரைத் தாண்டிப் போவார்கள், தாண்டி வருவார்கள். நானும் பல வருஷம் தாண்டியிருக்கிறேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. ஏதோ கல்யாணச் சிக்கல் இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

சிக்கல் ஒன்றும் இல்லை. கைக்குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்தான். அம்மா இறந்த பிறகு, கர்நாடக எல்லைப் பக்கம் கன்னடம் பேசும் உறவுக்காரர் வீட்டில் வளர்ந்தார். அந்த ஊரில் மாதா கோயிலும் இல்லை, ஜெபம் சொல்லித்தர ஆளும் இல்லை. கல்யாணம் எங்கள் கோயிலில்தான் நடந்தது. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு யாரோ சொன்ன 'அப்புறம்' பதினான்கு வருஷம் நீண்டுவிட்டது. இப்போது அவருடைய மகள் அந்த மே மாதம் புதுநன்மை வாங்கப் போகிறாள்.

முதல் நாள் மறைக்கல்வி அறையில் என் எதிரே உட்கார்ந்து அக்கா சொன்னது இதுதான்: "எம் மவ முன்னாடி போறப்ப நான் மட்டும் பெஞ்சில குந்திக்கினு இருக்க முடியாதுங்க டீச்சர். அவ திரும்பி வர்றப்ப என்னத் தாண்டிதான வருவா."

என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். பாலக்கோடு தக்காளி மண்டியில் காய் தரம் பிரிக்கிற வேலை. காலையில் போனால் மதியம் வரை உட்கார்ந்த இடத்தில் கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். விரல் நுனிகளில் தக்காளிக் கறை ஏறிப்போய், சோப்பு போட்டாலும் போகாத நிறத்தில் இருந்தது. தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் ஜெபங்கள் எல்லாம் மனப்பாடம். பதினான்கு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து காதால் கேட்டே பிடித்திருந்தார்.

நான் சும்மா இருப்பேனா? பன்னிரண்டு வகுப்புக்குத் திட்டம் போட்டு, மூன்று கலர் பேனாவில் அட்டவணை எழுதி, அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோனேன். கட்டளைகள் பத்து, அருளடையாளங்கள் ஏழு, ஜெபங்கள் இத்தனை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆசையாகச் சொல்லத் தொடங்குவார். "உம்மோட இல்லக்கா, உம்முடனே," என்பேன். கண்ணைத் திறப்பார். மறுபடி மூடுவார். "திருவயிறு இல்ல, திருவயிற்றின்," என்பேன். மறுபடி திறப்பார். ஒரு ஜெபத்துக்குள் எட்டு முறை கண்ணைத் திறந்து மூடினார் என்பதை நான் அன்றைக்கு நல்ல முன்னேற்றம் என்று நினைத்தேன்.

மூன்றாம் வகுப்பு முடிவில், "இப்ப உங்க சொந்த வார்த்தையில ஒரு ஜெபம் சொல்லுங்கக்கா," என்றேன். அட்டவணையில் அதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தேன், பச்சை மையில்.

அக்கா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். "சாமி, இந்த டீச்சருக்குக் கால் வலிக்காம பாத்துக்கங்க. நாள் பூரா நின்னுக்கினே பாடம் சொல்றாங்க. இங்க வந்தும் நின்னுக்கினே இருக்காங்க. அவங்க உக்காரணுமுங்க."

எனக்காக ஒருவர் வாய்விட்டு வேண்டியது, என் அம்மா போன பிறகு, அதுதான் முதல் தடவை. நான் என்ன செய்தேன் தெரியுமா? திருத்தினேன்.

"அக்கா, ஆண்டவர்கிட்ட பேசுறப்ப 'பாத்துக்கங்க', 'நீங்க'ன்னு சொல்லக் கூடாது. 'நீர்'னு சொல்லணும். பார்த்துக்கொள்ளும், அருளும், இப்படி."

"நீருங்களா?"

"ஆமாக்கா, நீர். ஜெபத்துல எங்கெல்லாம் 'நீர்', 'நீரே'ன்னு வருதோ, அதெல்லாம் மரியாதையா ஒருத்தரப் பாத்துச் சொல்றது. 'பெண்களுள் ஆசி பெற்றவர் நீரே'ன்னு மாதாகிட்ட சொல்றோமில்ல? அது மாதாவத்தான் சொல்றோம். நீங்கதான்னு அர்த்தம்."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தார். புரிந்துகொண்டவர் முகம் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அட்டவணையில் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டேன்.

அதற்குப் பிறகு அக்கா மெல்ல மெல்ல ஊமையானார். சொந்த ஜெபம் கேட்டால் "நீங்களே சொல்லுங்க டீச்சர்," என்பார். தெரிந்த ஜெபத்திலும் தடுமாற ஆரம்பித்தார். மாதா ஜெபத்தில் பாதி வரை வந்து, அந்த 'நீரே' வரும் இடத்தில் வண்டி நின்றுவிடும். பத்தாவது வகுப்புக்கு வரவில்லை. பதினொன்றாவதுக்கும் வரவில்லை. பங்குத்தந்தை அடுத்த சனிக்கிழமை புதுநன்மைக்காரர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கப் போகிறார், அதற்கு ஆறே நாள் இருந்தது. அன்றைக்கு வராவிட்டால் அக்கா மறுபடி பெஞ்சில்தான். எனக்கு வந்தது கவலையா கோபமா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், முதலில் கோபம்தான். என் பன்னிரண்டு கட்டத்தில் இரண்டு காலி.

ஞாயிறு பூசைக்கும் அவர் வராததால் மறுநாள் காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மண்டிக்கே போய்விட்டேன். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தது. ஏப்ரல் வெயில் பத்து மணிக்கே உச்சியைப் பிளந்தது. லாரிகள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்க, பிளாஸ்டிக் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருக்க, அதற்கு நடுவில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தக்காளி பிரித்துக்கொண்டிருந்தார்கள். பழுத்தது ஒரு பக்கம், செங்காய் ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம். என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டார், வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

"ஏன்க்கா வரல?"

"எனக்கு வராதுங்க டீச்சர். எம் மவ மட்டும் வாங்கட்டும். உங்களுக்கும் எதுக்கு வீண் செரமம்."

நான் பேச வாயெடுப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாம். அவர்கள் தெருவுக்குக் குடிநீர் ஐந்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் இன்ன நேரம் என்று கிடையாது. அக்கா மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஓடப் பார்த்தார். "ஏறுங்கக்கா," என்றேன். மண்டியிலிருந்து அவர் வீட்டுக்கு நான் ஓட்டிய வேகத்தை என் வீட்டில் இன்றுவரை சொன்னதில்லை.

அப்படியும் எங்களுக்கு முன்னால் இருபது குடம் இருந்தது. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று ரோட்டோரம் வளைந்து நின்றது வரிசை. நான் ஒரு குடத்தைப் பிடித்துக்கொண்டேன், அக்கா இரண்டை. பக்கத்தில் யாரும் இல்லாத ஒரு நேரம் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், நீருன்னா தண்ணிதானுங்களே?"

"தண்ணியும்தான். எதுக்குக் கேக்கறீங்க?"

"எங்க வூட்டுப் பேச்சுல நீருன்னா தண்ணி மட்டுந்தாங்க. நான் இத்தன வருசமும் அதத் தண்ணின்னே நெனச்சிக்கினு இருந்தேன். பொம்பளைங்களுக்குள்ள ஆசி பெத்தது தண்ணிதான்னு மாதாகிட்ட சொல்றாங்கன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. குடத்தின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் கண் நிறைந்திருந்தது.

"சிரிக்காதீங்க டீச்சர். பதினாலு வருசம். தெனமும் சொல்லியிருக்கேன். நீங்க அன்னைக்கு அர்த்தம் சொன்னப்ப எனக்கு ஒடம்பே கூசிப் போச்சு. அத்தனையும் தப்பா வேண்டியிருக்கேன். மாதா முன்னாடி நின்னுக்கினு தண்ணியக் கும்புட்டிருக்கேன். இனிமே எந்த மூஞ்ச வெச்சிக்கினு அங்க போயி கைய நீட்டுவேன்?"

என் சிரிப்பு அப்படியே நின்றது. பன்னிரண்டு வருஷமாக நான் பள்ளியில் சிலேடை நடத்துகிறேன். ஒரே சொல் இரண்டு பொருள் தரும், அதை ரசிக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் காட்டுகிறேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து தினமும் ஜெபமாலையில் ஐம்பது தடவைக்குக் குறையாமல் சொல்லும் ஒரு சொல்லில் அது இருப்பது எனக்கு ஒரு நாளும் தட்டுப்படவில்லை. ஏனென்றால் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை, சொல்ல மட்டும்தான் செய்தேன்.

"அப்ப அதச் சொல்றப்ப என்னதான்க்கா நெனச்சுக்குவீங்க?" என்று கேட்டேன்.

"எங்கூர்ல தண்ணிக்கு ரொம்ப தூரம் போவோமுங்க. கெணத்துல எறங்கித்தான் மொள்ளணும். மாதாவும் கொடம் தூக்கினவங்கதான, அவங்களுக்குத் தெரியும்னு நெனச்சுக்குவேன். இந்த லைன்ல நிக்கிறப்பதான் நெறயச் சொல்லுவேன். சொல்லிட்டு, கடைசியா நிக்கிறவங்க கொடமும் ரொம்பற வரைக்கும் தண்ணி நின்னு போகக் கூடாதுன்னு கேப்பேன். கடைசில எப்பவும் அந்தக் கால் வராத ஆயாதான் நிக்கும்." சற்று நிறுத்தி, "நீங்க எப்படிங்க வேண்டுவீங்க? நீர்னு சொன்னா உங்களுக்கு உள்ள எறங்குதுங்களா?" என்றார்.

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். எங்கள் தெரு அன்பியத்தில், அதாவது வீட்டுக்கு வீடு கூடும் ஜெபக் கூட்டத்தில், ஆளுக்கொரு மன்றாட்டு சொல்லச் சொல்வார்கள். நான் முந்தின நாளே துண்டுத் தாளில் எழுதி, பிழை பார்த்து, எடுத்துப்போய்ப் படிப்பேன். தாள் இல்லாமல் கடவுளிடம் ஒரு வாக்கியம் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. எங்கள் ஊரில் அண்டை வீட்டுக்காரரையும் 'நீங்க' என்போம், கடைக்குப் போனால் 'குடுங்க' என்போம். யாரையாவது 'நீர்' என்றால் சண்டைக்கு வருவார்கள். நான் மதிக்கிற ஒருவரிடமும் பேசாத மொழியை ஆண்டவருக்கென்று எடுத்து வைத்திருந்தேன். பேசாமலிருக்க வசதியாக.

"அக்கா, தப்பு எம்மேல," என்றேன். "அன்னைக்கு நீங்க என் காலுக்காக வேண்டுனீங்க. நான் அதக் கேக்கல. திருத்திக்கினு இருந்தேன். ஜெபத்துல இருக்கறது இருக்கட்டும், அது கோயில்ல எல்லாரும் ஒண்ணாச் சொல்ல. உங்க வார்த்தைய மட்டும் விட்டுறாதீங்க. நீங்க பேசறது அவருக்குப் புரியும்."

"தண்ணின்னு நெனச்சு சொன்னதும் புரிஞ்சிருக்குமுங்களா?"

"அதுதான் நல்லாப் புரிஞ்சிருக்கும்."

வரிசை இரண்டு குடம் நகர்ந்தது. "அப்ப நீங்களும் ஒண்ணு சொல்லுங்க, பாப்போம்," என்றார் அக்கா. மண்டித் தூசியும் வெயிலுமாக, கையில் ஆரஞ்சுக் குடத்தோடு, நான் ரோட்டில் நின்று வாயைத் திறந்தேன். "ஆண்டவரே, இந்த அக்காவ விட்டுறாதீங்க. என்னையும்..." அதற்கு மேல் வரவில்லை. அழுதுவிட்டேன். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, குடம் காலில் விழுந்துவிட்டதா என்று விசாரித்தார்.

அதற்குப் பிறகு இருந்த ஐந்து நாட்களை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. அட்டவணை வீட்டில் கிடந்தது. மண்டி வாசலில், ஸ்கூட்டியில், அவர் வீட்டு அடுப்படியில், எங்கே கிடைத்தாலும் அங்கே பாடம். கிணற்றடியில் இயேசு உட்கார்ந்து ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்கும் பகுதியை எடுத்துக் கொடுத்தேன். அக்கா விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். நடுவில் நிறுத்தினார்.

"அவரே கேட்டாருங்களா? தண்ணிய?"

"ஆமாக்கா."

"அந்தம்மா குடுத்தாங்களா?"

கொடுத்திருப்பார் என்று சொல்ல வந்தவள் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். கொடுத்ததாக எங்கேயும் இல்லை. இந்தப் பகுதியை எத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன், ஒரு தடவைகூட இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அக்கா அடுத்த வரிகளைக் கூட்டிப் படித்துக்கொண்டே போய், "இங்க பாருங்க, கொடத்த அங்கயே வெச்சிட்டு ஊருக்குள்ள ஓடறாங்க. அவரு மொண்டு குடிச்சிருப்பாரு," என்றார், பெரிய பாரம் இறங்கியவர் மாதிரி. நான் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதுகூட அதையே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லித்தரப் போனவளுக்கு இப்படி ஒரு விருந்து கிடைக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்த மூன்றாவது பெஞ்சை நான் சும்மா தாண்டிப் போயிருக்க மாட்டேன். அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

சனிக்கிழமை. பிள்ளைகளை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பங்குத்தந்தை அக்காவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போய் சுவரோரம் நின்றேன். மாதா ஜெபத்தைச் சொல்லச் சொன்னார். அக்கா கண்ணை மூடினார். 'நீரே' வரும் இடத்தில் ஒரு கணம் நின்றார். லேசாக உதட்டோரம் ஒரு சிரிப்பு, பிறகு தடங்கலே இல்லாமல் கடைசி வரை போய்விட்டார்.

"நற்கருணைன்னா என்னம்மா?"

புத்தகத்தில் இதற்கு நாலு வரியில் பதில் உண்டு. அதை நான் அவருக்கு நாலு தடவை சொல்லியும் இருந்தேன். அக்கா அதை எடுக்கவே இல்லை.

"ஃபாதர், கொழா லைன்ல நிக்கிறப்ப, எங் கொடம் போறதுக்குள்ள நின்னு போயிடுமோன்னு ஒரு பயம் இருக்குமுங்க. முன்னாடி நிக்கிறவங்க மேல எரிச்சலா வரும். இங்க அப்படி நின்னு போவாதுங்க. கடைசியா வர்றவங்களுக்கும் அதே முழுசாத்தான். அவரே வந்து அவரையே குடுக்கறாருங்க. பதினாலு வருசமா எல்லாரும் வாங்கறதப் பாத்துக்கினே இருந்தேன், ஒரு நாளும் தீந்து போவல."

பங்குத்தந்தை பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களா டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?" என்றார்.

"இல்லீங்க ஃபாதர். எனக்கும் இப்பத்தான் தெரியும்."

"ஞாயித்துக்கிழமை மவளோட வந்துருங்கம்மா," என்றார் அக்காவிடம்.

வெளியே வந்ததும் நாங்கள் இருவரும் கோயில் வளாகத்தில் சின்னப் பிள்ளைகள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆனாலும் நான் நானாயிற்றே. அங்கேயே ஒரு பிஸ்கட்டை உடைத்து வைத்துக்கொண்டு, நற்கருணை வாங்கும் விதத்தைப் பத்துத் தடவை பழக்கினேன். இடக்கை மேலே, வலக்கை கீழே. குருவானவர் காட்டும்போது 'ஆமென்' என்று மட்டும் சொல்ல வேண்டும், வேறெதுவும் வேண்டாம். பத்துத் தடவையும் அக்கா சரியாகச் சொன்னார்.

ஞாயிறன்று கோயிலில் மல்லிகை வாசனையும் புது உடுப்பு வாசனையும் கலந்து கிடந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் பெற்றோர், கடைசியில் மறைக்கல்வி ஆசிரியர்கள் என்று வரிசை. மூன்றாவது பெஞ்சில் அந்த ஓர இருக்கை காலியாக இருந்தது. பிள்ளைகளில் கடைசியாக மகள், அவள் பின்னால் இளநீலப் பட்டுச் சேலையில் அக்கா, அவருக்கு நேர் பின்னால் நான். என் கண் அவருடைய முதுகை விட்டு நகரவில்லை. மகள் வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். அக்கா முன்னால் போய், தக்காளிக் கறை ஏறிய கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக நீட்டினார். இடக்கை மேலே, சரிதான்.

"கிறிஸ்துவின் திருவுடல்," என்றார் பங்குத்தந்தை.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். பதினான்கு வருஷம் காத்திருந்து வந்து நிற்கிறவர். எதிரே வந்திருப்பவர் யார் என்று அவருக்குத் தெரியும். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதைக்குரிய ஒருவர் முன்னால் எப்படிப் பேசுவார்களோ, அப்படியே வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஆமெனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழக்கதோஷம், திருத்துவதற்கு என் நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. அக்கா உட்கொண்டுவிட்டு, கைகூப்பி, விலகி நடந்தார். அடுத்து நான். முப்பது வருஷமாக இந்த வரிசையில் வந்து, இந்தச் சொல்லைப் பிழையில்லாமல் சொல்லிக்கொண்டிருப்பவள். பங்குத்தந்தை அப்பத்தை உயர்த்தினார். நானும் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆமெனுங்க," என்றேன்.

பெஞ்சுக்குத் திரும்பியபோது அக்கா உள்ளே தள்ளி உட்கார்ந்து, ஓரத்தில் எனக்கு இடம் விட்டிருந்தார். கால் வலிக்க நின்றுகொண்டே இருக்காமல், நான் உட்கார்ந்தேன்.